கடைசிப் பத்தடி: கனத்த மர எந்திரம் வீட்டுப் பட்டறைக்குள் வரும் வழிகள்

ராஜ்கோட்டிலோ லூதியானாவிலோ வார்த்து எடுத்த ஓர் இழைப்பு மெஷின் காவிரிக் கரையிலுள்ள மோகனூர் வரை வந்து சேர்வதில் இன்று பெரிய சிரமம் இல்லை. நாமக்கல் லாரித் தொழிலின் ஊர் என்பதால் பார்சல் கிடங்கு வரை சரக்கு வந்துவிடும். அங்கிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டரைக் குட்டியானை என்று ஊரார் சொல்லும் சிறு சரக்கு வண்டி கடந்துவிடும். வண்டி வீட்டு வாசலில் நின்ற பிறகுதான் கேள்வி எழுகிறது: 250 முதல் 500 கிலோ வரை எடையுள்ள வார்ப்பிரும்புப் பொருளை வண்டித் தட்டிலிருந்து தரைக்கு இறக்கி, திண்ணையைத் தாண்டி, மூன்றடி அகல நிலை வழியாக உள்ளே கொண்டு போய், வேண்டிய இடத்தில் நிறுத்துவது எப்படி?

பெரிய ஆலைகளுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. மோகனூரிலேயே இருக்கும் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலையைப் போன்ற இடங்களில், டன் கணக்கில் எடையுள்ள உருளைகளைக் கழற்றி மாட்டுவதையும் கணக்கில் எடுத்துத்தான் கட்டடமே திட்டமிடப்படுகிறது. வீட்டின் பின்கட்டில், மாட்டுக் கொட்டகையை மாற்றிய இடத்தில், தென்னந்தோப்பு ஓரத்துத் தகரக் கூரைக்கடியில் தச்சு வேலை செய்பவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குக் கிடைக்கும் ஆலோசனைகளோ ஒன்றுக்கொன்று முரணானவை. பைப் உருளை போட்டுத் தள்ளு என்பார் ஒருவர். கழற்றிக் கொண்டு போ என்பார் இன்னொருவர். ஹைட்ரா கிரேன் கூப்பிடு என்பார் மூன்றாமவர். எட்டுப் பேர் இருந்தால் போதாதா என்பவர் எப்போதும் இருப்பார். இந்த விடைகள் ஒவ்வொன்றுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அவை எங்கிருந்து வந்தன, எங்கே பிசகுகின்றன என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல் நகர்த்தியவர்கள் விட்டுச் சென்ற விடைகள்

தமிழ்நாட்டில் பாரம் நகர்த்துவது பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் தஞ்சைப் பெரிய கோயிலில் வந்து நிற்கும். முதலாம் இராசராசன் காலத்தில், 1010-இல் நிறைவு பெற்ற அந்த விமானத்தின் உச்சியில் 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் இருக்கிறது என்பதும், அது சாரப்பள்ளத்திலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் நீளச் சாய்தளத்தில் இழுத்து ஏற்றப்பட்டது என்பதும் பரவலான வழக்கு. சிகரம் ஒரே கல் அல்ல, பல துண்டுகளை இணைத்தது என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். சாய்தளம் நேர்கோட்டில் போனதா, விமானத்தைச் சுற்றி ஏறியதா, சாரத்தோடு சேர்ந்து இயங்கியதா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை.

வழக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டாலும் ஒரு செய்தி கிடைக்கிறது. 66 மீட்டர் உயரத்துக்கு ஆறு கிலோமீட்டர் நீளம் என்றால் சரிவு 90-க்கு 1 அளவுதான். அந்தச் சரிவில் 80 டன் கல் பின்னோக்கி இழுக்கும் விசை ஒரு டன்னுக்கும் குறைவு. ஆகவே, அப்படியொரு சாய்தளம் இருந்திருந்தால், அங்கே வேலை செய்தவர்களின் எதிரி பெரும்பாலும் உராய்வாகத்தான் இருந்திருக்கும். எகிப்தில் சுமார் 3,900 ஆண்டுகளுக்கு முந்தைய ஜெகுதிஹோதெப் கல்லறை ஓவியமும் இதையே காட்டுகிறது. பெரிய சிலை ஒன்றைச் சறுக்குக் கட்டையில் வைத்துப் பலர் இழுக்கிறார்கள். முன்னால் நிற்கும் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். அளவாக நனைந்த மணலில் இழுவிசை ஏறக்குறைய பாதியாகிறது என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2014-இல் சோதித்துக் காட்டினார்கள்.

நாமக்கல் மலையோ வேறொரு விடையைச் சொல்கிறது. அங்குள்ள நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் 8-ஆம் நூற்றாண்டளவில் குடையப்பட்டவை. கல்லை நகர்த்தும் பேச்சே அங்கு இல்லை. இருந்த இடத்திலேயே கோயிலாகிவிட்டது. மலைப்பாறைக்குச் செய்ததை எந்திரத்துக்குச் செய்ய முடியாது என்று தோன்றலாம். ஆனால் கட்டட வேலை நடக்கும்போதே எந்திரத்தை முதலில் நிறுத்திவிட்டு, சுவரை அப்புறம் எழுப்பும் வழக்கம் சிறு பட்டறைகளில் உண்டு. வேலை எளிது. எந்திரம் பழுதாகி வெளியே போக வேண்டிய நாள் வரும்போதுதான் அதன் விலை தெரியும்.

தேரடியில் நடப்பது

கல்லை விட நெருக்கமான பாடம் தேரில் இருக்கிறது. அலங்கரித்த நிலையில் 300 டன் என்று சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேரானாலும், சிற்றூர்த் தேரானாலும், வடம் பிடிக்கும் கூட்டம் எல்லார் கண்ணிலும் படும். தேரின் பின்சக்கரத்தடியில் உலுக்கு மரம் கொடுத்து நெம்புகிறவர்களும், முன்சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களும் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. நின்றிருக்கும் தேரைக் கிளப்பத்தான் அதிக விசை வேண்டும்; உலுக்கு மரம் அதற்காக. ஓடத் தொடங்கியதை நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை. உயிராபத்து நிறைந்த வேலை அதுதான். திருவாரூர்த் தேருக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்த திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கையும் சேர்த்தே கொடுத்தது.

இழுப்பதற்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள். நிறுத்துவதற்குத் தேர்ந்த கை நான்கு வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும் 400 கிலோ எந்திரத்துக்கும் இது பொருந்தும். பாரம் நகர்த்துவது பற்றிய பேச்சு பெரும்பாலும் விசையைப் பற்றியே இருப்பது இந்தத் துறையின் பழைய குறை என்றே சொல்லத் தோன்றுகிறது.

உருளையா, சறுக்கலா?

பைப் உருளைக் கட்சிக்கு ஆதரவாளர்கள் அதிகம். காரணமும் தெளிவு. 400 கிலோ எந்திரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்துச் செல்ல 150 கிலோவுக்கு மேல் விசை வேண்டியிருக்கும். அடியில் இரண்டு அங்குல இரும்புப் பைப் மூன்றைப் போட்டால், நல்ல சமதளத்தில் பத்துப் பதினைந்து கிலோ விசை போதும், ஒருவரே தள்ளிவிடலாம். பின்னால் விடுபடும் பைப்பை எடுத்து முன்னால் போடுவதற்கு இன்னொருவர். பைப்பைக் கொஞ்சம் கோணலாகப் போட்டால் எந்திரமும் கோணலாகத் திரும்பும் என்பதால் வளைவுகளையும் சமாளிக்கலாம்.

எந்திரத்தைத் தூக்கிப் பைப் நுழைப்பதற்குக் கடப்பாரையே போதும். ஐந்தடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து மூன்று அங்குலத்தில் முட்டு வைத்தால் 19 மடங்கு ஆதாயம். எந்திரத்தின் ஒரு பக்கத்தை, அதாவது ஏறத்தாழ 200 கிலோவை, பதினோரு கிலோ அழுத்தத்தில் எழுப்பிவிடலாம்.

உருளைக் கட்சியின் பலவீனம் சரிவில்தான் வெளிப்படுகிறது. குட்டியானையின் தட்டு தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்றும், பத்தடிப் பலகை சாத்தியிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். சரிவின் கோணம் 14 பாகைக்குச் சற்று மேல். அதில் 400 கிலோ எந்திரம் சரிவு நெடுகக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 100 கிலோ. உருளை மேல் வைத்தால் அந்த விசையில் பத்துப் பதினைந்து கிலோவைத்தான் உராய்வு தின்னும். மீதி எண்பத்தைந்து, தொண்ணூறு கிலோவைக் கீழே நிற்பவர் மார்பால் தாங்க வேண்டும். அவர் கால் வழுக்கினால் எந்திரத்தைத் தடுக்க எதுவும் இல்லை.

அதே பலகையில் உருளை இல்லாமல், மரச்சட்டத்தில் வைத்து இறக்கினால் நிலைமை தலைகீழ். காய்ந்த மரம் மரத்தின்மேல் உரசும்போது உராய்வு எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இருக்கலாம். நான்கில் ஒரு பங்கு இழுக்கும் சரிவில் எந்திரம் தானாக நகராது. ஒவ்வோர் அடிக்கும் தள்ளியாக வேண்டும். தள்ளுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். உராய்வு இங்கே காவல்காரன். பலகையில் எண்ணெயோ, மரத்தூளோ, அதிகாலைப் பனியோ இருந்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். சரிவில் சோப்புத் தடவச் சொல்பவரின் பேச்சைக் கேட்காமல் இருப்பதே நல்லது.

ஆக, இரண்டு கட்சியும் ஒரே இடத்தைப் பற்றிப் பேசவில்லை. சமதளத்துக்கு உருளை, சரிவுக்குச் சறுக்கல் என்று பிரித்துக்கொண்டால் சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சரிவில் கூடுதல் காவலுக்குக் கயிறு இருக்கிறது. கொங்கு நாட்டுக் கிணறுகளில் மின்மோட்டாரை இறக்கும்போது கயிற்றைக் கரையிலுள்ள மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுவது வழக்கம். மரத்தில் ஒரு முழுச் சுற்று இருந்தால் பிடிக்க வேண்டிய விசை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும். இரண்டு சுற்றில் நாற்பதில் ஒரு பங்கு. 100 கிலோ இழுவையை இரண்டு சுற்றோடு ஒரு கையால் பிடித்து நிற்கலாம். 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இதற்குச் சூத்திரம் எழுதினார். படகுக்காரர்களும் கிணற்று வேலைக்காரர்களும் சூத்திரத்துக்காகக் காத்திருக்கவில்லை. வண்டியின் முன்பக்கமாகக் கயிறு போகத் தோதாக ஒரு வேப்பமரமோ, சிமெண்டுத் தூணோ இருக்கிறதா என்று பார்த்து வண்டியை நிறுத்துவது, பிறகு செய்யும் எல்லா வேலையையும் விட முக்கியமானது. மின்கம்பத்தில் மட்டும் சுற்றக்கூடாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். இரண்டு அங்குலத் தடிமனுள்ள ஒன்பது அங்குலப் பலகை இரண்டைப் போட்டாலும், பத்தடி நீளத்தின் நடுவில் 400 கிலோ நிற்கும்போது அவை தாங்கும் என்று நம்ப முடியாது. நடுவில் ஒரு முட்டு நிறுத்தினால் பலகையை வளைக்கும் அழுத்தம் பாதியாகிறது. அடுத்தது உயரமான எந்திரம். இழைப்பு மெஷின் அகலமாகக் குந்தியிருக்கும்; பேண்ட்சா என்னும் பட்டைவாள் மெஷின் நெட்டையானது, அதன் மேல் சக்கரமே நல்ல கனம். அடிப்பாகம் ஒன்றரையடி அகலமும் எடையின் மையம் மூன்றடி உயரமுமாக இருந்தால், 14 பாகைச் சாய்விலேயே கவிழும் நிலைக்கு வந்துவிடும். அதை நின்றபடி சாய்தளத்தில் இறக்குவது சூதாட்டம்.

கட்டை அடுக்கி இறக்குவது

சாய்தளமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. லாரிப் பட்டறைகளில் அச்சு கழற்றும்போது ஜாக்கியும் கட்டையும் வைத்து வண்டியைத் தூக்கி நிறுத்தும் அதே முறை இது. வண்டித் தட்டின் உயரத்துக்கு, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டைகளை அடுக்குகிறார்கள். எந்திரத்தைத் தட்டிலிருந்து அடுக்கின்மேல் கிடைமட்டமாக நகர்த்திவிட்டு வண்டியை அனுப்பிவிடலாம். பிறகு ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்து ஒரு கட்டையை உருவுவது, மறுபக்கம் ஜாக்கி கொடுத்து இன்னொன்றை உருவுவது. இப்படி வரிசை வரிசையாக எந்திரம் தரைக்கு வருகிறது. எந்தக் கணத்திலும் அது ஒரு கட்டையின் உயரத்துக்கு மேல் விழ வழியில்லை.

நேரம் அதிகம் பிடிக்கும், அரைநாள் போய்விடும். கூலி நேரத்துக்குக் கணக்கிடும் வண்டிக்காரருக்கு இது பிடிக்காது என்றாலும், எந்திரம் அடுக்குக்கு மாறியதும் அவரை அனுப்பிவிடலாம் என்பது சமாதானம். அடுக்கு நிற்கும் தரை இறுகியதாக இருக்க வேண்டும். காவிரிக் கரை வண்டல் மண்ணில், முந்தைய நாள் மழை பெய்திருந்தால், ஒரு மூலை இறங்கி அடுக்கு சாயலாம். இந்த முறைக்கு இருக்கும் மதிப்புக்கு அது குறைவாகவே பேசப்படுகிறது என்று தோன்றுகிறது. நாமக்கல் வட்டாரத்தில் ஜாக்கி இல்லாத தெரு கிடையாது.

கழற்றும் கட்சி

வள்ளுவர் சிலையும் வந்தவாசிச் சிலையும் இந்த விவாதத்தின் இரு முனைகள். கன்னியாகுமரியில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலையின் மொத்த எடை 7,000 டன் என்பார்கள். கணபதி ஸ்தபதியின் வழிகாட்டலில் ஆயிரக்கணக்கான கற்களாகச் செதுக்கப்பட்டு, படகில் கடல் கடந்து, பாறையின்மேல் ஒன்று சேர்க்கப்பட்டது. பெங்களூருவுக்காக வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டப்பட்ட விஸ்வரூப விஷ்ணு சிலையோ 300 டன்னுக்கு மேற்பட்ட ஒற்றைக் கல். 240 சக்கர வண்டியில் 2018 இறுதியில் புறப்பட்ட அது, வழியில் வீடுகளும் கடைகளும் இடிபட, பாலங்களுக்கு மாற்றாகத் தற்காலிகப் பாதைகள் போடப்பட, 2019-இல்தான் பெங்களூரு சேர்ந்தது. முழுதாகக் கொண்டு போவதன் செலவை வழியிலிருப்பவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

எந்திரத்தைப் பொறுத்தவரை கழற்றும் கட்சியின் வாதம் வலுவானது. மோட்டார், மேசைகள், மரத்தைச் சாய்த்துத் தள்ளும் பக்கத்தடுப்பான வேலி, அடிப்பெட்டி என்று பிரித்தால் பெரும்பாலான துண்டுகள் இருவர் தூக்கும் எடைக்கு வந்துவிடும். மூன்றடி நிலையும் தடையாகாது. எதிர்வாதம் துல்லியத்தைப் பற்றியது. இழைப்பு மெஷினின் முன்மேசையும் பின்மேசையும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதைத் தயாரிப்பாளர் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்குள் அமைத்து அனுப்புகிறார். மேசையைக் கழற்றினால் அதற்கடியில் கொடுத்திருக்கும் மெல்லிய தகட்டுத் துண்டுகள் இடம் மாறும். திரும்ப அமைக்க நல்ல நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் பொறுமையும் வேண்டும். புது எந்திரம் என்றால் உத்தரவாதம் குறித்த தகராறும் சேரும்.

ஆகவே பலரும் பாதி வழியில் நிற்கிறார்கள். மோட்டார், பெல்ட் மூடி, வேலி போன்றவற்றைக் கழற்றி எடை குறைப்பது. மேசையையும் வெட்டுத்தலையையும் தொடாமல் விடுவது. மேசையைப் பிடித்துத் தூக்கக்கூடாது என்பதில் எல்லாக் கட்சிகளும் உடன்படுகின்றன. அங்கிருந்து தூக்கினால் கழற்றாமலே துல்லியம் போய்விடும்.

தூக்கும் கட்சி

கப்பிக்கும் மர எந்திரத்துக்கும் இடையே பழைய உறவு உண்டு. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் புரூனெல் வடிவமைக்க, மாட்ஸ்லே செய்து கொடுத்த எந்திரங்கள், கடற்படைக்கு ஆண்டுக்கு 1,30,000 மரக் கப்பிகளைச் செய்தன. தொடர் உற்பத்திக்கென்று அமைந்த முதல் எந்திர வரிசைகளில் ஒன்று, பாரம் தூக்கும் சாதனத்தைச் செய்யவே பிறந்தது. செயின் பிளாக் அந்த நூற்றாண்டின் நடுவில் வெஸ்டன் என்பவரின் இருவிட்டக் கப்பியிலிருந்து கிளைத்தது. சங்கிலியை விட்டாலும் பாரம் இறங்காமல் அப்படியே நிற்பது அதன் தனிச்சிறப்பு. முட்டுக்கட்டை உள்ளேயே அமைந்த கப்பி என்று அதைச் சொல்லலாம்.

ஒரு டன் செயின் பிளாக்கை நாள் வாடகைக்கு எடுப்பது நாமக்கல் பகுதியில் கடினமில்லை. எதில் மாட்டுவது என்பதுதான் கேள்வி. ஓட்டு வீட்டின் பனஞ்சட்டங்கள் ஓட்டைத் தாங்க வைத்தவை. மாடி வீட்டில் ஊஞ்சல் கொக்கி ஆசை காட்டும். இருவர் ஆடும் ஊஞ்சலைத் தாங்கியது 400 கிலோவையும் தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை; கொக்கி கம்பியோடு கட்டப்பட்டதா, பின்னால் துளைபோட்டு ஒட்டப்பட்டதா என்பது கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கிறது. மின்விசிறிக் கொக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். மூன்று பைப் கொண்ட முக்காலி இதற்குத் தக்க விடை. கிணற்று மோட்டார் வேலைக்காரர்களிடம் அது இருக்கும். கால்கள் விரியாமல் சங்கிலியால் பிணைத்திருந்தால் மட்டுமே அதை நம்பலாம். முக்காலி நேர் மேலும் கீழுமாகத்தான் தூக்கும், பக்கவாட்டில் இழுத்தால் கவிழும் என்பதால், வண்டியை அதனடியில் கொண்டு வந்து, எந்திரத்தைத் தூக்கி, வண்டியை நகர்த்திவிட்டு இறக்குவதே முறை.

ஹைட்ரா கிரேன் இந்தக் கட்சியின் நவீன முகம். பந்தல் உயரத்துக்கு மேலே தூக்கி, காம்பவுண்டுச் சுவர் தாண்டி இறக்கிவிடும். பத்து நிமிட வேலை. திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டித் தொழிலும் நாமக்கல்லின் லாரி பாடி கட்டும் தொழிலும் இருக்கும் வட்டாரத்தில் ஆள் கிடைப்பதும் எளிது. ஆனால் 12 டன் என்று எழுதியிருப்பது கை சுருங்கியிருக்கும்போது தூக்கும் அளவு. கை நீள நீள அது வேகமாகக் குறையும். 400 கிலோவுக்கு அது போதும் என்றாலும், கிரேனின் சொந்த எடையே பல டன். பேரூராட்சித் தெருவின் சாக்கடை மூடியும் வாசலில் புதைத்த கழிவுநீர்த் தொட்டியின் மூடியும் அதைத் தாங்கச் செய்தவை அல்ல. தெருவின் குறுக்கே போகும் மின்கம்பி உயிருக்கே ஆபத்து. இதையெல்லாம் தாண்டினாலும் கிரேன் வாசலோடு நின்றுவிடும். கூரைக்கடியில் உள்ள கடைசிப் பத்தடிக்கு மறுபடியும் பைப்பும் கடப்பாரையும்தான்.

ஜேசிபி மண்வாளியில் பெல்ட் மாட்டித் தூக்குவதும் நடக்கிறது. மண் அள்ளுவதற்குச் செய்த கை அது. குலுங்காமல் மெல்ல இறக்குவது ஓட்டுநரின் கையைப் பொறுத்தது. மலிவு என்பதைத் தவிர அதற்கு ஆதரவாகச் சொல்ல அதிகமில்லை.

எட்டுப் பேர் போதாதா?

400 கிலோவை எட்டால் வகுத்தால் ஆளுக்கு 50 கிலோ, ஒரு சிமெண்டு மூட்டை. கணக்கு சரி, களம் வேறு. எட்டுப் பேர் எந்திரத்தைச் சுற்றி நிற்கலாம், ஆனால் மூன்றடி நிலைக்குள் நுழையும்போது முன்னால் இருவர், பின்னால் இருவர்தான் மிஞ்சுவர். ஆளுக்கு 100 கிலோ. ஒருவர் படியில் ஏறும் கணத்தில் கீழே இருப்பவர் மேல் பாதிக்கு மேல் சாயும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் ஆண் தொழிலாளிக்குப் பரிந்துரைத்த உச்ச எடை 55 கிலோ. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்கில், மிக வசதியான நிலையிலேயே 23 கிலோ. சுமை தூக்கும் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் அதன்கீழ் நலவாரியமும் உண்டு. வீட்டுக்கு ஒருநாள் வேலைக்கு வந்தவர் காலில் எந்திரம் விழுந்தால், அவர் வாரியத்தில் பதிவு செய்தவராக இல்லாதபோது, பொறுப்பு யாருடையது என்பது வாய்ப்பேச்சில்தான் தீர்கிறது.

நிலைவாசல் பற்றி ஒரு சொல். கடப்பாரை நிலைப்படியில் படக்கூடாது என்பது வீட்டுப் பெரியவர்களின் கண்டிப்பு. நம்பிக்கை எதுவானாலும் அது நல்ல பொறியியல். படியின் இருபுறமும் பலகை கொடுத்து அதன்மேல் தாண்டச் செய்தால் படியும் பிழைக்கும், எந்திரமும் இடறாது. கதவைக் கீலிலிருந்து கழற்றிவிட்டால் ஒன்றரை அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். பல நேரங்களில் அதுவே போதுமானது.

லேசான எந்திரம், தாங்கும் தரை

இவ்வளவு பாடு எதற்கு, மேசைமேல் வைக்கும் சிறு எந்திரம் வாங்கினால் ஆகாதா என்பதும் ஒரு நிலைப்பாடு. எடை என்பது எந்திரத்தின் குறை அல்ல. வார்ப்பிரும்பின் கனம்தான் அதிர்வை விழுங்குகிறது, நீண்ட மேசைதான் நீண்ட சட்டத்தை நேராக இழைக்கிறது. சன்னல் சட்டமும் கட்டிலும் செய்பவருக்குக் கனம் வேண்டும். பொழுதுபோக்குக்குச் சிறு பெட்டிகள் செய்பவருக்குத் தேவையில்லை என்பதை வியாபாரிகள் சொல்ல மாட்டார்கள்.

மாடியில் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு எண்: குடியிருப்பு அறைத் தளத்துக்கு இந்தியத் தரநிலை 875 வகுத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 200 கிலோ. அரைச் சதுர மீட்டர் அடிப்பாகத்தில் நிற்கும் 400 கிலோ எந்திரம் அதைப்போல் நான்கு மடங்கு அழுத்துகிறது. சுமை தளம் முழுவதும் பரவும் என்பதால் உடனே இடிந்துவிடும் என்று பொருளில்லை. பொறியாளரைக் கேட்காமல் வைக்கக்கூடாது என்று பொருள்.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

விசை பற்றிய கேள்வி தீர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். கடப்பாரை, பைப், கயிறு, ஜாக்கி ஆகிய நான்கையும் வைத்து மூன்று பேர் அரை டன்னை நகர்த்த முடியும் என்பதில் ஐயமில்லை. எடை குறையும்படி பகுதி கழற்றல், வண்டியிலிருந்து தரைக்குக் கட்டை அடுக்கு அல்லது முக்காலி, தரையில் பைப் என்ற கலவையே மோகனூர் போன்ற ஊர்களின் வீடுகளுக்கு மிகப் பொருத்தமாகத் தெரிகிறது. பாதை அகலமாகவும் மேலே கம்பி இல்லாமலும் இருந்தால் வாசல் வரைக்கும் கிரேனை நம்பலாம். உருளையோடு சரிவில் இறக்குவதும், ஆள்பலத்தால் மட்டும் தூக்குவதும் கைவிட வேண்டியவை.

கட்டுப்பாடு பற்றிய கேள்வி அவ்வளவு தீரவில்லை. கட்டை அடுக்குக்கும் செயின் பிளாக்குக்கும் இடையே எது பாதுகாப்பானது என்பது தரையையும் ஆளையும் பொறுத்து மாறும். பொதுவிதி சொல்வது கடினம். கழற்றி மாட்டிய இழைப்பு மெஷின் பழைய துல்லியத்துக்குத் திரும்புமா என்பதும் எந்திரத்தின் அமைப்புக்கேற்ப மாறுகிறது. பார்சல் கிடங்கோடு விற்பவரின் பொறுப்பு முடிகிறதா, பட்டறைக்குள் நிறுத்தும் வரை நீள்கிறதா என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்காதவரை, கடைசிப் பத்தடி வாங்கியவர் தலையில்தான் விழும்.

தயாரிப்பாளர்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் செலவும் இல்லை. மொத்த எடை, எடையின் மையம் இருக்கும் உயரம், பெல்ட் மாட்ட வேண்டிய இடங்கள், தொடக்கூடாத இடங்கள் ஆகிய நான்கையும் பெட்டியின் வெளிப்புறத்தில், லோடுமேன் படிக்கும் மொழியில் அச்சிட வேண்டும். வாங்குபவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுப் பெறட்டும்.